பந்தல் செலவும் இலைச் செலவும்

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான மறுநாள், பெரியப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செலவு ஜாபிதா எழுதினார். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, இலைக்கு இவ்வளவு என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்த எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"பெரியப்பா, முந்நூறு இலை என்று எழுதியிருக்கிறீர்களே? பத்திரிகை அறுநூறு பேருக்கல்லவா அச்சடிக்கப் போகிறோம்?"

"வாயை மூடடா! சரியான கணக்கை எழுதினால், 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று உன் அப்பன் போர்த்துக்கொண்டு படுத்துவிடுவான். முகூர்த்தம் வைக்கிற வரைக்கும் இந்தக் கணக்குப் போதும்" என்றார் பெரியப்பா.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஜாபிதாவுக்கும் செலவுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை அப்பா கடன் வாங்கித் தூர்த்தார். கடனை அடைக்க நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இல்லாமலே கதை எழுதிக் காலம் தள்ளியாகிவிட்டது. யார் மேலும் எனக்குக் குறை இல்லை. ஆனால், பல வருஷங்களுக்குப் பிறகு இங்கிலாந்தின் கல்விச் சரித்திரத்தைப் புரட்டியபோது, அங்கேயும் என் பெரியப்பா ஒருவர் உட்கார்ந்து ஜாபிதா எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன்.

1963-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு. அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஹெரால்ட் வில்சன், ஸில்லித் தீவுகளில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். காலையில் மாதா கோயிலுக்குப் போய் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை விழுவதற்குள் ஒரு திட்டத்தை எழுதி முடித்துவிட்டார். வானொலியாலும் டெலிவிஷனாலும் தபாலாலும் நடக்கிற ஒரு பல்கலைக்கழகம்! அந்த வருஷம் செப்டம்பரில் கிளாஸ்கோ நகரத்தில் செய்த பிரசங்கத்தில் அதை உலகத்துக்குச் சொன்னார். மறு வருஷம் பிரதம மந்திரியும் ஆனார்.

எண்ணத்தைச் சொல்லிவிடலாம், அதை நடத்த ஒருவர் வேண்டுமே? வில்சன் அந்தப் பொறுப்பை ஜென்னி லீயிடம் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் அவர். ஏழைகளுக்கென்று ஓர் ஏழைப் பட்டம் கொடுப்பதற்கு அந்த அம்மாள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. மற்றப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்கு எந்த விதத்திலும் இளைக்காத பட்டமாக அது இருக்க வேண்டும். ஆனால் உள்ளே நுழைய முன்படிப்பு எதுவும் கேட்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதும் கல்வி இலாகாவுக்கும் கஜானாவுக்கும் தலை சுற்றியது. "செலவு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள்.

ஆர்னால்ட் குட்மன் என்ற பெயர் பெற்ற வழக்கறிஞரிடம் மதிப்பீடு கேட்கப்பட்டது. அவர் வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் பவுன் ஆகலாம் என்றார். அந்தத் தொகை பிறகு எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது. 1974-இல் பிரபுக்கள் சபையில் அவரே எழுந்து, தம் கணக்குத் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. ஒருவேளை அந்தத் தவறான கணக்கினால்தான் பல்கலைக்கழகமே உண்டாயிற்றோ என்னவோ என்றும் சொன்னார். ஆயிரம் பொய் சொல்லியாவது கல்யாணத்தைச் செய் என்கிற நம் பழமொழியை அவர் கேட்டிருக்க முடியாது. இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி!

குட்மனின் கணக்கு எங்கே சறுக்கியது என்பது எனக்குத் தெரியாத சங்கதி. ஆனால் இப்படிப்பட்ட படிப்புக்குக் கணக்குப் போடுவது எவ்வளவு சங்கடம் என்பதைப் பெரியப்பாவின் ஜாபிதாவை வைத்தே சொல்லிவிடலாம். கல்யாணத்தில் இரண்டு விதமான செலவு உண்டு. நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் பந்தலும் மேளமும் ஒன்றுதான். இலைச் செலவோ தலைக்குத் தலை ஏறும். சாதாரணக் கல்லூரியில், ஐம்பது மாணவர் கூடினால் இன்னொரு வகுப்பு, இன்னொரு வாத்தியார். அதாவது, பந்திக்கு ஒரு பந்தல் போடவேண்டும். தபால் பல்கலைக்கழகத்திலோ ஒரே பெரிய பந்தல். அதை முழுவதும் போட்டு முடித்த பிறகுதான் முதல் விருந்தாளியை வாசலில் வரவேற்க முடியும்.

அந்தப் பந்தலை எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். 1967-இல் திட்டக் குழு ஒன்று அமைந்தது. அது 1969 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டே 'ஓப்பன் யுனிவர்சிடி'க்கு அரச சாசனம் கிடைத்தது. முதல் துணைவேந்தர் வால்டர் பெர்ரி எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியாக வேண்டும். கையில் இருந்தது இரண்டு வருஷம். இலக்கியம் முதலிய கலைகள், சமூக இயல், கணிதம், விஞ்ஞானம் என்று நான்கு அடிப்படைப் பாடங்கள். ஒவ்வொன்றையும் ஒரு குழு எழுதியது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கிழித்துப் போட, அவர் மறுபடியும் எழுதினார். பக்கத்தில் பி.பி.ஸி.யின் தயாரிப்பாளர்கள் உட்கார்ந்து எதைப் படமாக எடுக்கலாம் என்று பார்த்தார்கள். விஞ்ஞான மாணவர்களுக்கு வீட்டுக்கே பரிசோதனைப் பெட்டி அனுப்ப ஏற்பாடாயிற்று. இவ்வளவும் மாணவன் ஒரு காசு கட்டுவதற்கு முன்னால் ஆகிற செலவு.

இலைச் செலவும் லேசானதல்ல. விடைத்தாளைத் திருத்தி, "இங்கே தவறினாய், அப்பா" என்று எழுதி அனுப்ப ஊருக்கு ஊர் ஆசிரியர்கள் வேண்டும். கோடையில் மாணவர்களை ஒரு வாரம் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதில் கையை இறுக்கினால் புத்தகம் மட்டும் வீடு போய்ச் சேரும். படிப்புப் போய்ச் சேராது. ஆகவே பந்தல் செலவு கட்டுப்படியாக வேண்டுமானால் கூட்டம் ஏராளமாக வரவேண்டும். வந்த கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இலை விழவும் வேண்டும்.

முகூர்த்தம் நெருங்கும் சமயத்தில் சம்பந்தி மாறிவிட்டார்! 1970 ஜூன் தேர்தலில் வில்சன் தோற்றார். புதிய நிதி மந்திரி இயன் மக்ளியாடுக்கு இந்தத் திட்டமே சுத்த உளறல் என்று அபிப்பிராயம். அதை வெட்டிவிடுவது என்றே அவர் இருந்தார். ஆனால் பதவி ஏற்று ஒரு மாதத்துக்குள், ஜூலை 20-ஆம் தேதி, அவர் திடீரென்று காலமானார். கல்வி மந்திரியாக வந்தவர் மார்கரெட் தாட்சர். செலவில் கறாரான அந்த அம்மாள், ஒரு பட்டதாரியை உண்டாக்க இந்த வழியில் ஆகும் செலவு மற்ற வழியைவிடக் குறைவு என்ற கணக்கை ஏற்றுக்கொண்டார். அதற்குள் சுமார் 25,000 இடத்துக்கு நாற்பதினாயிரம் பேருக்கு மேல் மனுப் போட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். குட்மனின் தவறான கணக்குப் பிள்ளையைப் பெற்றது, வாஸ்தவம். ஆனால் பிள்ளையைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது பெர்ரியும் மற்றவர்களும் பைசா பைசாவாகப் போட்ட சரியான கணக்கு. பெரியப்பாவின் ஜாபிதாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டாவது கணக்கை யாரும் போடவில்லை. பள்ளம் இருப்பதைத் தேதி வைத்த அன்றே அப்பாவிடம் சொல்லியிருந்தால், மேளத்தைக் குறைத்திருப்போம். நான் இன்னும் இரண்டு வருஷம் படித்திருப்பேன்.

1971 ஜனவரி 3-ஆம் தேதி முதல் பாடம் ஒலிபரப்பாயிற்று. அந்த மாதமே பிரிட்டனின் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்! ஏழு வாரம் கடிதப் போக்குவரத்து நின்றது. தபாலை நம்பிப் பிறந்த பல்கலைக்கழகம் அதையும் தாண்டி நின்றது. 1973-இல் முதல் பட்டமளிப்பு விழாவும் நடந்தது. 1985-இல் தில்லியிலும் 2002-இல் சென்னையிலும் இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின.

கடைசியாக ஒன்று. கல்யாணத்தோடு படிப்பை நிறுத்திய என் அக்கா, ஐம்பதை நெருங்கும் வயதில் தபால் வழியாக பி.ஏ. படித்து முடித்தாள். சமையல் மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தாள். போன மாதம் வந்தபோது என் மேஜை மேல் ஒரு விண்ணப்பத் தாளை வைத்தாள்.

"என்ன அக்கா இது?"

"என் கல்யாண பாக்கிடா. கட்டணம் நான் கட்டுகிறேன். நீ பூர்த்தி செய்."

தாள் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிவிட்டேன்.