நீலகிரி நெகிழி ஒழிப்பு

நீலகிரி நெகிழி ஒழிப்பு என்பது நீலகிரி மாவட்டத்தில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களைத் தவிர்க்க மேற்கொள்ளப்பட்டு வரும் முயற்சி ஆகும். 2000களின் தொடக்கத்தில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் சுப்ரியா சாகு 'ஆபரேசன் புளூ மவுண்டன்' என்னும் பெயரில் இதனைத் தொடங்கினார்.

பின்னணி

சுற்றுலா மையமான இம்மாவட்டத்தில் எறியப்பட்ட பைகள் நீரோடைகளை அடைத்தன. நீர்நிலைகள் பாழாவதை மக்களுக்கு உணர்த்துவது பரப்புரையின் நோக்கமாக இருந்தது.

மனமாற்றமும் மாற்றுவழியும்

தண்டத்திற்கு அஞ்சி மட்டும் விடப்படும் பழக்கம், கண்காணிப்பு தளர்ந்ததும் மீளக்கூடும். காரணத்தை உணர்ந்து, 'இது நமது நீர்' என்று கருதுவோரிடம் புதிய பழக்கம் நிலைக்க வாய்ப்பு மிகுதி. அதற்கு மாற்றுப்பொருளும் எளிதில் கிடைக்கவேண்டும். 2019இல் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, இங்கு குடிநீர் ஏடிஎம்களும் நிறுவப்பட்டன.

சிக்கல்

உள்ளூர் மக்களின் பழக்கம் மாறினாலும், சுற்றுலாப் பயணிகள் நாள்தோறும் புதியவர்களாக வருகின்றனர். எனவே சோதனைச் சாவடிகளில் நெகிழிப் பொருட்கள் சோதிக்கப்படுகின்றன.

மாநில அளவில்

ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருட்கள் சிலவற்றுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. துணிப்பையைப் புதிய கட்டுப்பாடாக அன்றி, தமிழர் முன்பே அறிந்த வழக்கமாக இப்பெயர் நினைவூட்டுகிறது.