லிவர்பூலின் முழுச் சிவப்பு பிறந்த கதை

1892இல் லிவர்பூல் கால்பந்து கிளப் தொடங்கியபோது அதன் வீரர்கள் நீலமும் வெள்ளையும் கலந்த சட்டையில் ஆடினார்கள். 1896இல் சட்டை சிவப்பானது. கால்சட்டை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி மேலாளராக வந்தார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த ஸ்காட்லாந்துக்காரர். இரண்டாம் டிவிஷனில் தேங்கிக் கிடந்த அணிக்கு 1961இல் இரண்டு ஸ்காட்லாந்து வீரர்களை வாங்கினார். ஒருவர், ஆறடி இரண்டு அங்குல உயரத் தடுப்பாட்டக்காரர் ரான் யீட்ஸ். இன்னொருவர், கோல் அடிக்கும் இயன் செயின்ட் ஜான். 1962இல் அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1964இல் லீக் சாம்பியன் ஆனது. ஐரோப்பியக் கோப்பையின் கதவு முதன்முறையாகத் திறந்தது.

அந்த நவம்பரில் அக்கோப்பை ஆட்டத்துக்காக லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வரவிருந்தது பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட். அன்றைய பெல்ஜியத் தேசிய அணியின் முதுகெலும்பே அந்தக் கிளப்தான். ஆட்டம் தொடங்குமுன்பே எதிராளியின் மனத்தில் அச்சம் விழ வேண்டும் என்று எண்ணுபவர் ஷாங்க்லி. சிவப்பு அபாயத்தின் நிறம், வலிமையின் நிறம் என்பது அவர் நம்பிக்கை. கேப்டன் யீட்ஸிடம் ஒரு சிவப்புக் கால்சட்டையைக் கொடுத்து அணிந்து வரச் சொன்னார். வந்து நின்றவரைப் பார்த்ததும் மலைத்துப் போனார்: ஏழடி ஆள்போல் தெரிகிறாரே! அருகிலிருந்த செயின்ட் ஜான், காலுறையையும் சிவப்பாக்கிவிடலாமே என்றார். இந்த நிகழ்ச்சியைப் பின்னாளில் விவரித்தவரும் அவரே.

1964 நவம்பர் 25 இரவு, லிவர்பூல் தோள் முதல் கால்வரை சிவப்பாகக் களமிறங்கி 3-0 என்று வென்றது. செயின்ட் ஜான், ரோஜர் ஹன்ட், யீட்ஸ் மூவரும் ஆளுக்கொரு கோல்.

அடுத்த ஆண்டு மே 1 அன்று, அதே முழுச் சிவப்பில் வெம்ப்ளி மைதானத்தில் லீட்ஸ் அணியை 2-1 என்று வீழ்த்தி, கிளப் தன் முதல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. கூடுதல் நேரத்தில் தலையால் முட்டி வெற்றிக் கோலை அடித்தவர் செயின்ட் ஜான். 1966இல் மீண்டும் லீக் பட்டம்.

இன்று ஜெர்சி பெரிய வணிகம். ஆண்டுதோறும் புது வடிவம் வருகிறது. ஆனால் லிவர்பூலின் அடையாளமான முழுச் சிவப்பைத் தந்தவர்கள் ஒரு மேலாளரும் இரண்டு ஆட்டக்காரர்களும்தான். ஆட்டத்தை வெல்வது ஒன்றே அவர்கள் நோக்கம்; அதனால்தான் அது நிலைத்தது.