சிடிரெகார்டும் மூணு சண்டையும்

லினக்ஸ்ல கட்டளை தட்டி சிடி எழுதின மக்களுக்கு சிடிரெகார்டை மறந்திருக்காது. பெர்லின்காரர் யோர்க் ஷில்லிங் 1996-ல் வெளியிட்ட நிரல். ஓடினா தங்கம். மக்கர் பண்ணினா தாவு தீர்ந்துடும். அந்த மக்கர்ல பாதி டிரைவோட கோளாறே இல்லை, மனுஷங்க சண்டைங்கறது என் கட்சி.

முதல் சண்டை, பேர் சம்பந்தமா. நம்ம பிசியில் இருந்தது ஐடிஇ டிரைவ். சிடிரெகார்ட் பேசினது ஸ்கசி பாஷை. அதனால 2.4 கெர்னல் காலத்துல 'ஐடிஇ-ஸ்கசி' மாட்யூலை ஏத்தி டிரைவுக்கு வேஷம் போடணும். அப்புறம் '-ஸ்கேன்பஸ்' கொடுத்தா '0,0,0' மாதிரி மூணு எண் வரும். அதுதான் டிரைவோட விலாசம். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல், வேஷம் வேணாம், '/டெவ்/ஹெச்டிசி'ன்னு நேரா சொன்னாலே போதும்னுச்சு. ஷில்லிங் ஒத்துக்கலை. பல இயங்குதளங்கள்ல ஓடற நிரலுக்கு எண் முறைதான் சரின்னார். நேரா பேர் சொன்னாலும் வேலை நடக்கும், கூடவே ஒரு எச்சரிக்கையும் வரும் :-)

ரெண்டாவது, 2004 ஆகஸ்ட். 2.6.8 கெர்னலுக்கு மாறினதும், நேத்து வரை எழுதின டிரைவ் 'அனுமதி இல்லை'ன்னுடுச்சு. காரணம் நியாயமானதுதான். டிரைவைத் திறக்க முடிஞ்ச யாரும் அதுக்கு எந்தக் கட்டளையும் அனுப்பலாம், ஃபர்ம்வேரையே நாசம் பண்ணலாம்னு இருந்தது. அதனால கெர்னல் ஒரு வடிகட்டி வெச்சது: ஆபத்தில்லாத கட்டளை போகும், மத்ததுக்கு ரூட் உரிமை வேணும். சிடிரெகார்டோ டிரைவைத் திறந்த கையோட ரூட் உரிமையைத் துறந்துடும். அதுவும் பாதுகாப்புக்காகத்தான்! ரெண்டு பக்கமும் நல்லதே நினைச்சாங்க, நடுவுல மாட்டினது நாம. கடைசியில் கிடைச்ச வைத்தியம், 'முழு நிரலையும் ரூட்டாவே ஓட்டு'. பாதுகாப்பு போச்சா?

மூணாவது, உரிமம். 2006-ல் ஷில்லிங் பெரும்பகுதியை சன் நிறுவனத்தோட சிடிடிஎல் உரிமத்துக்கு மாத்தினார். அதையும் ஜிபிஎல் நிரலையும் கலந்து விநியோகிக்க முடியாதுன்னு டெபியன்காரங்க அதே வருஷம் 'சிடிஆர்கிட்'னு தனிக்குடித்தனம் போயிட்டாங்க. அங்கே 'சிடிரெகார்ட்'னு தட்டினா ஓடினது அவங்களோட 'வோடிம்'. ஷில்லிங் 2021 அக்டோபரில் காலமாகும் வரை தன் நிலையில் உறுதியா இருந்தார்.

ஆக, வட்டைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி கேட்கவேண்டியது மூணு: எந்தக் கெர்னல்? ஓடறது யாரோட நிரல்? யாரோட உரிமையில்?