கீறலுக்கும் ஒரு வரலாறு

பழவேற்காடுன்னா 1613-ல டச்சுக்காரங்க கட்டின கெல்டிரியா கோட்டையில ஆரம்பிப்பாங்க. நான் ஒரு கீறல்ல ஆரம்பிக்கிறேன்.

மாமாவோட படகு மோட்டார்ல ஒரு பின் தேஞ்சு, நாலு நாளா தொழில் இல்ல. மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்டுற நான், கொட்டகை லேத்துல கடைஞ்சு பார்த்தேன். மூணு தாடை சக், பின் மேல தடம் பதிச்சுது, ஆட்டம் வேற.

இதே தலைவலி அமெரிக்காவின் வால்தம் கடிகார ஆலையிலும் இருந்தது. மெல்லிய அச்சுகளை நடு பிசகாமப் பிடிக்க, 1850களின் கடைசியில் கீறல் போட்ட காலெட்டைக் கொண்டுவந்தவர்னு சார்லஸ் மோஸ்லியைச் சொல்றாங்க. கீறின குழாயைக் கூம்புக்குள்ள இழுத்தா சுத்திலும் ஒரே மாதிரி நெருக்கும். 1970களில் சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் கொடுத்த ஈஆர் காலெட்டில் ரெண்டு முனையிலிருந்தும் மாறி மாறிக் கீறல். சுமார் ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கும்.

என் முதல் காலெட் மைல்ட் ஸ்டீல். மூடினது திறக்கவே இல்ல. அடுத்தது ஸ்பிரிங் ஸ்டீல்; முழுசாக் கீறிட்டுப் பதம் போட்டேன், பூ மாதிரி விரிஞ்சிடுச்சு. மூணாவதுல கீறல் முனையில மெல்லிய பாலம் விட்டு, பதம் போட்டப்புறம் அறுத்தேன். நேரா நின்னுச்சு!

பின்னை மாட்டிட்டு மாமா சொன்னார்: "மாப்ளே, கடைசி வரைக்கும் கீறாம விட்டது தாண்டா காப்பாத்திச்சு."

மறுநாள் படகு முகத்துவாரம் தாண்டிடுச்சு :-)