பெர்லினுக்குத் திரும்பிய இசை ஏடு

1932 டிசம்பர் 23 அன்று பெர்லினின் குரோஸஸ் ஷாவுஷ்பீல்ஹவுஸ் அரங்கில் ‘சவாய் நடனம்’ என்ற நகைச்சுவை ஓப்ரெட்டா (வசனமும் பாட்டும் கலந்த இசை நாடகம்) முதன்முதலாக மேடையேறியது. சந்தைக்கூடமாகவும் சர்க்கஸாகவும் இருந்து நாடக அரங்காக மாறிய பெரிய கட்டடம் அது. இசை அமைத்தவர் ஹங்கேரிய யூதரான பால் ஆபிரகாம். பாடலாசிரியர்கள் ஆல்ஃபிரெட் குரூன்வால்டும் ஃபிரிட்ஸ் லோனர்-பேடாவும்.

தேனிலவு முடித்து நீஸ் நகரத்துக்குத் திரும்பும் கணவனைப் பழைய காதலி விருந்துக்கு அழைக்கிறாள். அவன் பொய் சொல்லிவிட்டுப் போகிறான். மனைவி முகமூடி அணிந்து அதே நடன விருந்துக்கு வந்து நிற்கிறாள். கதை இவ்வளவுதான். அதற்கு உயிர் கொடுத்தது இசை. வியன்னா வால்ட்ஸின் வயலின்களுக்கு நடுவே சாக்ஸபோனும் பாஞ்ஜோவும் புகுந்து விளையாடின.

முப்பத்தெட்டே நாளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஆபிரகாம் ஜெர்மனியை விட்டு ஓடினார். 1933-லேயே அவருடைய படைப்பு லண்டனின் டிரூரி லேன் அரங்கில் ஆங்கிலம் பேசியது. ஆனால் பிறந்த ஊரில் அதற்குத் தடை. அவரோ புடாபெஸ்ட், பாரிஸ், கியூபா, நியூயார்க் என்று அலைந்தார். நியூயார்க்கில் மனம் சிதைந்து, நடுத்தெருவில் நின்று கண்ணுக்குத் தெரியாத இசைக்குழுவை நடத்தினார் என்று சொல்வார்கள். பத்தாண்டுகள் மருத்துவமனையில் கழித்தார்.

போருக்குப் பின் ஜெர்மனியில் அவருடைய ஓப்ரெட்டாக்கள் மீண்டும் ஒலித்தன. ஆனால் ஜாஸின் முனைகளை மழுக்கி, வயலின்களைக் குழைத்துப் பூசிய புது வாத்திய அமைப்பில். என்னைக் கேட்டால், தடையைவிட இதுதான் அந்த இசைக்கு நேர்ந்த நுட்பமான அநீதி. தடை செய்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். போருக்குப் பின் வந்தவர்கள் அதை வேறு பாட்டாக்கினார்கள்.

ஹென்னிங் ஹாகெடோர்ன், மத்தியாஸ் கிரிம்மிங்கர் என்ற இசை வல்லுநர்கள் இருவரும் பழைய இசை ஏடுகளை ஒப்பிட்டு ஆபிரகாமின் வாத்திய அமைப்பை மீட்டெடுத்தார்கள். 2013-ல் பெர்லின் கோமிஷே ஓப்பர் அரங்கில் இயக்குநர் பேரி காஸ்கி ‘சவாய் நடன’த்தை அந்த வடிவில் மேடையேற்றினார். இசை நடத்துநர் ஆடம் பென்ட்ஸ்வி பியானோ வாசித்துப் பாடகர்களோடு வளர்ந்தவர். நாயகி டாக்மார் மான்ட்சல் முதலில் நடிகை. இந்தத் தேர்விலேயே அணுகுமுறை புலப்படுகிறது: சொல் முன்னே, சுரம் அதன் பின்னே.

இத்தகைய இசையில் நடத்துநரின் வேலை கடினம். வசனம் முடிந்த நொடியில் தாளம் தொடங்காவிட்டால் சிரிப்பு செத்துப்போகும். ஒரு பாட்டுக்குள்ளேயே வால்ட்ஸின் இழைவும் ஜாஸின் துள்ளலும் வேண்டும். காகிதத்தில் எழுதாத அந்தத் துள்ளலுக்குச் சாட்சி, முதல் மேடையேற்றத்தின் நடிகர்கள் பதிந்துவைத்த இசைத்தட்டுகள்தான். அவர்களில் ஒருவரான கித்தா அல்பார் பாடியதை ஒருமுறை கேளுங்கள்: ஓபராக் குரல், ஆனால் துளிக் கனமும் இல்லை.

காஸ்கியின் மேடையேற்றத்தைப் பார்க்க இந்த ஓப்ரெட்டாவைப் படைத்த மூவரில் யாரும் இல்லை. லோனர்-பேடா 1942-ல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். குரூன்வால்ட் அமெரிக்காவில் 1951-ல் காலமானார். ஆபிரகாம் 1956-ல் ஜெர்மனிக்குத் திரும்பி, 1960-ல் ஹாம்பர்க்கில் இறந்தார்.