கறுவா எண்ணெயும் கண்டி இராச்சியமும்



இப்போது கண்டிக் கடைகளில் 'அரோமாதெரபி' என்று சின்னச் சின்ன எண்ணெய்ப் போத்தல்கள் விற்கின்றன. வெளிநாட்டுச் சரக்கு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பெயர் மட்டும்தான் வெளிநாட்டுடையது. கட்டஃபொசே என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1937இல் தன் நூலுக்கு இட்ட பெயர் அது. வாசனை எண்ணெயை நோவுக்குப் பூசும் வழக்கம் எமது மலைநாட்டில் அதற்கு இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இருந்தது.

1660இல் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ் உடுநுவரப் பக்கம் எலதெத்தையில் வீடு கட்டி வாழ்ந்தவர். 1681இல் வெளியான அவரது நூலில் இது வருகிறது: கறுவாக் காயை நீரில் அவித்தால் எண்ணெய் மிதக்கும், ஆறினால் வெள்ளையாக இறுகும். மக்கள் அதை உடல் நோவுக்குப் பூசினார்கள், விளக்கிலும் எரித்தார்கள்.

அது அவித்தெடுத்த கொழுப்பு. போத்தலில் வருவது ஆவியில் வடித்தது. இலையை அடைத்த கலனுக்குள் நீராவியை விட்டால் வாசனையும் சேர்ந்து ஏறும். குளிர்ந்து வடியும்போது எண்ணெய் தனியே பிரியும். இந்தக் கலையை வளர்த்ததில் அரபு அறிஞர்களுக்குப் பெரிய பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி வாசனைத் திரவியங்களையும் வடித்தலையும் பற்றித் தனி நூலே எழுதினார்.

கண்டி இராச்சியத்தில் எமது முன்னோர் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றினார்கள். பாக்கும் வாசனைச் சரக்கும் கரைக்கு இறக்கினார்கள். கோபால முதலியார் பரம்பரை போன்ற முஸ்லிம் குடும்பத்தார் மன்னருக்கே வைத்தியம் பார்த்தார்கள். உயிரை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு இருந்த உறவு அது. எமது பிள்ளைகள் இதைத் தெரிந்து வளர வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கறுவா இலை எண்ணெயில் அதிகம் இருப்பது யூஜினோல். பல்வலிக்கு வைக்கும் கராம்பு எண்ணெயிலும் அதுதான். பட்டை எண்ணெயில் இருப்பது சினமல்டிஹைட். அது தோலை எரிக்கும். இயற்கைப் பொருள் என்றால் ஆபத்தில்லை என்று நினைப்பது பிழை. இவற்றைக் கலக்காமல் பூசக்கூடாது, குடிக்கவே கூடாது. சிறு பிள்ளைகள் விழுங்கினால் ஈரல் பழுதாகலாம். போத்தலை எட்டாத இடத்தில் வைப்போம்.

அக்குறணை, மாத்தளை, கம்பளைத் தோட்டங்களில் கறுவா இன்னும் நிற்கிறது. ஒரு இலையைக் கசக்கிப் பிள்ளைகளிடம் கொடுப்போம். கராம்பு மணக்கும். ஏன் என்று கேட்பார்கள். அங்கிருந்தே இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கலாம்.