சுங்கம்: சொல்லும் சுமையும்

வணிகச் சரக்கின்மீது அரசு கொள்ளும் வரியைப் பழந்தமிழ் 'உல்கு' என வழங்கிற்று. திருக்குறள் அதனை வேந்தன் பொருள்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. புகார்த் துறையில் உல்கு கொள்வோர் சரக்குகளுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. வடமொழிச் 'சுல்க'த்தோடு உறவுடைய 'சுங்கம்' பின்னர் மேலோங்கியது. முதற் குலோத்துங்கன் (1070–1120) 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெற்ற பெயர், மக்கள் அவ்வரியை எத்துணைச் சுமையாக உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

மராத்தியில் இதற்கு வழங்கும் 'ஜகாத்', சமயக் கடமையான ஈகையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு. கராடியை உள்ளடக்கிய புணே மாநகரில், நகருக்குள் நுழையும் சரக்கின்மீது இப்பெயரிலேயே 2013 வரை வரி தண்டப்பட்டது. ஈகையின் பெயரால் கட்டாய வரி!

இச்சொற்கள் எவையும் வரியை இறுதியில் சுமப்பவர் யார் எனச் சொல்வதில்லை. இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு சுங்கம் கொண்டபோது, 'இந்தியாவுக்கு 50 சதவீத வரி' என்றே செய்திகள் வந்தன. நான்காம் வேற்றுமை இங்கு இடறச் செய்கின்றது. வரியைச் செலுத்தியவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் அதனை விலையேற்றமாகத் தம் நாட்டு நுகர்வோர்மீது ஏற்றலாம். விலையைக் குறைக்குமாறு திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களை நெருக்கலாம். 'இந்தியச் சரக்கின் இறக்குமதிமீது வரி' என மொழிபெயர்ப்பின் இவ்விரு வழியும் புலப்படும்.